பெரிய மைதானம்

786
கோத்தகிரி
8-12-1957

அன்புள்ள பக்ருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மலைக் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தையும் மாமா, மாமி சுகத்தையும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பிரசவத்துக்கு உன்னை நாகல் நகரில் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாளே மேனேஜரிடம் குடும்ப பங்களா பற்றி மறுபடியும் கேட்டேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாகியும் நீ நத்தத்தில் என் அம்மாவுடனும் நான் இங்கே ஆறு பேர் தங்கும் விடுதியிலும் இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் வெள்ளைக்காரர், முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்ல மாட்டார். "நீ இன்னும் சின்ன மைதானத்தில்தான் ஆடுகிறாயாமே?" என்று மட்டும் கேட்டார்.

கோல்ஃப் விளையாட்டைத்தான் சொல்கிறார். கம்பெனி கிடங்குக்குப் பின்னால் ஒன்பது குழிகள் உள்ள ஒரு மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு குழியும் பந்து ஒரே அடியில் எட்டிவிடும் தூரம். துரைமார்களின் மனைவிகளும் பிள்ளைகளும் ஆடுவது. ஆபீசில் சேர்ந்ததிலிருந்து நானும் அங்கேதான் கற்றுக்கொள்கிறேன். மற்ற ஆபீசர்கள் ஞாயிறுதோறும் ஊட்டியில் உள்ள பதினெட்டுக் குழி மைதானத்துக்குப் போகிறார்கள். மேனேஜரோடு அங்கே ஆடியவர்களுக்குத்தான் இதுவரை பங்களா கிடைத்திருக்கிறது. ஹெட்கிளார்க் ராயப்பராஜ் நம் திண்டுக்கல்காரர். "அவரு ஃபைல்ல ஆள எடை போட மாட்டாரு தம்பி, புல்லுலதான் போடுவாரு" என்கிறார். எனக்கு அங்கே போகப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு நான்தான் சொல்ல வேண்டும். நான் பிறந்தபோது என் அத்தா ரங்கூனில் இருந்தார்கள். தெருவில் போன யாரோ ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்களாம். அத்தா திரும்பி வரவேயில்லை. அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாமாவிடம் இதைச் சொல்லி வை. எந்த நேரமானாலும் தந்தி கொடுங்கள், வந்துவிடுவேன்.

வஸ்ஸலாம்.
உன் பாரூக்


786
நாகல் நகர், திண்டுக்கல்
19-12-1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பக்ருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். காலில் கொஞ்சம் நீர் இறங்கியிருக்கிறது, அம்மா பார்லி காய்ச்சித் தருகிறார்கள். உங்களுக்கு இருமல் நின்றதா?

நீங்கள் சொன்னதை அத்தாவிடம் சொன்னேன். "பெத்தவன் சொல்றதுதானம்மா மொறை, நான் எதுக்குக் குறுக்க வாரேன்?" என்றார்கள். பிறகு கோல்ஃப் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு சின்னப் பந்தைக் கம்பால் அடித்து அடித்து ஒரு குழியில் விழவைப்பது என்றேன். தோல்மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "இம்புட்டுப் படிச்சு இதுக்கா போனாரு மாப்ள? நம்ம தெருவுல பம்பரம் விட்டிருந்தாலே இந்நேரம் மேனேஜராகியிருப்பாரே" என்றார்கள்.

நான் சிரிக்கவில்லை. நகராட்சி நூல்நிலையத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு விளையாட்டுக் கலைக்களஞ்சியத்தை வரவழைத்துப் படித்தேன். சின்ன மைதானத்தில் பழகியவர்கள் அதிலேயே தங்கிவிடுவது உண்டு, அங்கே பிழை தெரியாது என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது புரிந்தது. நான் சிறுகதைகளாகவே படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் முதல் பெரிய நாவலை எடுத்தேன். முப்பது பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் மறந்துவிட்டேன். ஆனாலும் கீழே வைக்கவில்லை. முடித்தபோது நான் வேறு ஆளாக இருந்தேன்.

நீங்கள் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த பங்களாவின் ஜன்னல்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
பக்ருன்னிசா


கோத்தகிரி
12-1-1958

அன்புள்ள பக்ரு,

ஸலாம். இருமல் நின்றுவிட்டது. கால் வீக்கம் குறைந்ததா என்று நீ எழுதவில்லை. அதை முதலில் எழுது.

இன்று ராயப்பராஜும் நானும் பஸ் ஏறி ஊட்டி போய்ப் பெரிய மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆடவில்லை, ஓரமாக நடந்து பார்த்ததோடு சரி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து முதல் குழியின் கொடி தெரியவே இல்லை. ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும், அதற்கும் அப்பால் என்றார்கள். நான் வைத்திருக்கும் இரண்டு இரும்பு மட்டைகள் அங்கே எதற்கும் காணாது. நீளமான மர மட்டையைச் சுழற்ற வேண்டும். அதை இங்கே பழகிப் பார்த்தேன். பந்து நேராகக் கிளம்பி, பாதியில் மனம் மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடுகிறது. காலையில் தொடங்கினால் பதினெட்டையும் முடிக்க மத்தியானம் கடந்துவிடுகிறது. பிறகு கிளப்பிலேயே சாப்பாடு. சாயங்காலம்தான் திரும்புவார்கள்.

புதியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெண்கள் அடிக்கும் இடத்திலிருந்து, கொஞ்சம் முன்னால் நின்று அடிக்கலாம். பின்னால் வருகிறவர்கள் வேகமாக ஆடினால் நாம் ஒதுங்கி நின்று அவர்களை முன்னே விட்டுவிட வேண்டும். அத்தனை பேர் பார்க்க ஒதுங்கி நிற்க என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. ராயப்பராஜ் சொன்னார்: "பந்து தொலைஞ்சா தேடாதீங்க தம்பி. மானம் தொலைஞ்சா அதையும் தேடாதீங்க. நடந்துக்கிட்டே இருங்க."

பிள்ளை பிறந்த பிறகு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே இருப்பதுதான் மனதுக்குச் சரியாகப் படுகிறது.

மாமா, மாமிக்கு என் ஸலாம்.
பாரூக்


786
திண்டுக்கல்
27-1-1958

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாமுடன் எழுதுவது. வீக்கம் குறைந்துவிட்டது. ராத்திரியில் பிள்ளை என்னைத் தூங்கவிடுவதில்லை என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் முடிவு எனக்குச் சம்மதம் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு என்கிறீர்கள். பிறந்த பிறகு உங்களுக்கு நூறு சாக்கு கிடைக்கும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, மார்ச் கடைசியில்தான் என்று லேடி டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறுகளை ஏன் வீணாக்க வேண்டும்? பெண்கள் நிற்கும் இடத்தில் நின்று அடிப்பதில் என்ன அவமானம்? நான் ஆயுசு முழுவதும் அங்கேதானே நிற்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் நத்தத்துக்குப் போய், லீவு நாட்களை எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது. உங்கள் அம்மா தங்கமானவர்கள். ஆனால் நான் கட்டிக்கொண்டது உங்களை. பிரசவம் ஆகி நாற்பது நாள் கழிந்ததும் நேராக மலைக்கு வர வேண்டும். என் பொருட்டு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். மோசமாக ஆடுங்கள், பரவாயில்லை. மேனேஜர் கண்ணில் படுங்கள்.

போனேன் என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கு நான் வீட்டில் எல்லோருக்கும் பாயசம் வைப்பேன்.

உங்கள் நினைவோடு,
பக்ருன்னிசா


786
கோத்தகிரி
9-3-1958

அன்புள்ள பக்ரு,

ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? மருந்தை நிறுத்திவிடாதே.

நான் வந்து சேர்ந்து பத்து நாட்களாகியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை.

அங்கே இருந்த இரண்டு நாட்களும் அறை வாசலில் வந்து நின்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்றார்கள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நாள் முந்திப் பிறந்து, மறுநாள் காலையிலேயே போய்விட்ட மகளைப் பற்றி உன்னிடம் என்ன சொல்வது? நான் தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கியபோது அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாமா என் தோளில் கை வைத்தார்கள். 

தந்தி தாமதமாகக் கிடைத்தது. அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அங்கேயும் இதைத்தான் சொன்னேன்.

இங்கே பனி குறைந்துவிட்டது. பகலில் நல்ல வெயில். வேறு சேதி இல்லை.

மாமிக்கு ஸலாம் சொல்லவும்.
பாரூக்


திண்டுக்கல்
18-3-1958

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். காய்ச்சல் விட்டுவிட்டது. பால் கட்டி வலித்தது. பால் வற்ற அம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். இப்போது அதுவும் இல்லை. நோன்பு வரப்போகிறது. நீங்கள் அங்கே விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். ஞாயிறு காலையில் பிறந்தவுடன் நன்றாக அழுதாள். எடை குறைவு, சூடாக வைத்துக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அத்தா அவசரத் தந்தி கொடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவி ஒளுச் செய்து தொப்பியோடு வாசலில் நின்றார்கள். "கொடும்மா, காதுல சொல்லிடுறேன். மாப்ள வந்து இன்னொரு தடவ சொல்லட்டும்" என்றார்கள். நான்தான் கொடுக்கவில்லை. "அவங்க ஆசப்பட்டுக் கேட்டாங்கத்தா. ராத்திரிக்குள்ள வந்துருவாங்க. பொறுங்க" என்றேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தும் கேட்டார்கள். அப்போதும் அதையே சொன்னேன். அதன் பிறகு கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்கள். கோயம்புத்தூர் வண்டி ஒவ்வொன்றும் வந்து காலியாகும் வரை நின்றிருக்கிறார்கள்.

விடியும் நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அத்தா அப்போதுதான் சுபுஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். ஆள் ஓடியது. பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு அது தெளிவாகக் கேட்கும். அவள் அம்மாவின் மடியில் இருந்தாள். பாங்கு கேட்டபோது உயிர் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன்.  இன்றும் கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

பாங்கு சொல்லாததால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று இமாம் சொல்லியனுப்பினார். பிள்ளைக்குக் குறையில்லை என்று எனக்கும் தெரியும்.

நீங்கள் அத்தாவோடு அவளை அடக்கிய மையவாடிக்குப் போய்வந்தீர்கள். எந்த இடம் என்று எனக்குச் சொல்லவில்லை. தந்தி எத்தனை மணிக்குக் கிடைத்தது என்றும் சொல்லவில்லை. இரண்டையும் எழுதுங்கள்.

பக்ருன்னிசா


786
கோத்தகிரி
25-4-1958

அன்புள்ள பக்ருவுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். எல்லோரும் புத்துடை உடுத்தினீர்களா? பெருநாளுக்கு வருவேன் என்று மாமா எதிர்பார்த்ததாக எழுதியிருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை.

ஒரு சேதி. நமக்கு பங்களா ஒதுக்கியிருக்கிறார்கள். சின்னதுதான். இரண்டு அறை, சமையல்கட்டு தனி. பின்னால் ஒரு பேரிக்காய் மரம். முன் அறை ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. நீ உடம்பு தேறியதும் எப்போது வருகிறாய் என்று எழுதினால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டவற்றுக்கான பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஸலாம்.
பாரூக்


திண்டுக்கல்
6-5-1958

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். நான் சுகம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

பங்களா கிடைத்த செய்தியை அத்தா கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா பாத்திரம் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெரிய மைதானத்தில் மேனேஜரோடு ஆடாதவருக்கு அந்த வீடு கிடைக்காது. நீங்கள்தான் எழுதினீர்கள். அப்படியானால் நீங்கள் போயிருக்கிறீர்கள். போனேன் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன், அந்த வரி வரவில்லை. முன்பெல்லாம் உங்கள் கடிதங்களில் அந்த விளையாட்டுத்தான் பாதிப் பக்கம் இருக்கும். மகள் போன பிறகு ஒரு சொல்கூட இல்லை. துக்கத்தினால் என்று நினைத்திருந்தேன்.

எந்த ஞாயிற்றுக்கிழமை போனீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

பக்ருன்னிசா


786
கோத்தகிரி
13-7-1958

அன்புள்ள பக்ரு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ சுகமாக இருக்கிறாய் என்று மாமாவின் கார்டுகளிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மேனேஜரின் காரில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். தந்தி வந்தபோது ஆபீசில் பியூன் ஆண்டிச்சாமி மட்டும் இருந்தான். ஐயா பந்தடிக்கப் போயிருக்கிறார் என்று விடுதிக் காவல்காரன் சொல்லியிருக்கிறான். நான் எப்போதும் ஆடுவது கிடங்குக்குப் பின்னால்தானே? நேராக அங்கே போயிருக்கிறான். நான் இல்லை. எப்படியும் வந்துவிடுவேன் என்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். தந்தியை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சாப்பிடக்கூடப் போகவில்லை. இருட்டிய பிறகு நான் வந்து இறங்கியபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினான். அதற்குள் இரவுக்கு மலைப்பாதையின் கேட்டையும் மூடிவிட்டார்கள். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

அன்று முதல் மூன்று குழிகளில் பந்துகளைத் தொலைத்தேன். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பயந்த அளவு அது ஒன்றுமில்லை. பிறகு எப்படியோ கை பழகிவிட்டது. கடைசிக் குழிக்கு நடந்தபோது மேனேஜர் என் முதுகில் தட்டினார். பக்ரு, அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கும்படி ஏதோ பேசினேன். அவள் உயிரோடு இருந்த பகல் அது ஒன்றுதான். அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

போக வேண்டும் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். யாருடைய பேச்சைக் கேட்டும் போகவில்லை.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். போகாமல் இருக்க முடியாது. நன்றாக ஆடுகிறேன் என்கிறார்கள்.

மையவாடியில் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வேம்பு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம், சின்னதாக மண் மேடு. மாமா தலைமாட்டில் ஒரு கல் நட்டார்கள். நான் தண்ணீர் தெளித்தேன்.

பாரூக்


786
திண்டுக்கல்
2-8-1958

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். நான் சுகம். நேற்று இங்கே நல்ல மழை. அங்கே மழை நின்றபாடில்லை என்று பேப்பரில் பார்த்தேன். கால்களை ஈரத்தில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

யாருடைய பேச்சைக் கேட்டும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் நான் எழுதியது எனக்கு ஒவ்வொரு வரியும் நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். எனக்காகத்தான் அப்படி எழுதினீர்கள் என்று தெரிகிறது. இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததும் அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது.

நான் கேட்டதை நீங்கள் செய்தீர்கள். நீங்கள் கேட்டதை நான் செய்தேன். இதில் யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து உங்களோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டவர்கள் ஒரு வீட்டில் இருக்க முடியும். பேசாமல் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த ஜன்னலருகே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ஞாயிறு காலையில் மட்டைப் பையை எடுப்பீர்கள். நான் பார்க்கிறேனா என்று பார்ப்பீர்கள். நான் பார்க்காததுபோல இருப்பேன்.

இப்போது என்னால் வர முடியாது. எப்போது என்று கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் நான் ஒரு தேதி சொல்லிவிடுவேன், பிறகு நீங்கள் காத்திருப்பீர்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அத்தாவுக்கும் சொல்ல முடியாது. தொப்பியோடு வாசலில் நின்ற மனுசரிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்? பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கூடத்தில் இருக்கின்றன. வருகிறவர்களெல்லாம் என்றைக்குப் பயணம் என்று கேட்கிறார்கள். நீங்கள் அத்தாவுக்கு ஒரு கார்டு போடுங்கள். பங்களாவில் வேலை நடக்கிறது என்று எழுதுங்கள். நம்புவார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
பக்ருன்னிசா


786
கோத்தகிரி
17-8-1958

மரியாதைக்குரிய மாமா சேக் பரீது அவர்களுக்கு,

மருமகன் முகமது பாரூக் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நான் இங்கே சுகம். தாங்களும் மாமியும் பக்ருவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். மண்டியில் வியாபாரம் எப்படி இருக்கிறது?

பக்ருவை அழைத்துக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பங்களாவில் வேலை இன்னும் முடியவில்லை. மழையில் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். சுவரெல்லாம் ஈரம். அவள் உடம்புக்கு ஆகாது. எப்போது முடியும் என்று இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

அதுவரை பாத்திரங்களைச் சாக்கில் கட்டியே வைத்திருக்க வேண்டாம் என்று மாமியிடம் சொல்லவும். எடுத்துப் புழங்கட்டும்.

வஸ்ஸலாம்.
தங்கள் மருமகன்
முகமது பாரூக்